தமிழகத்தின் பழைய மாதா கோயில்கள்: பயணி எதைப் பார்க்க வேண்டும்?

ஆகஸ்ட் 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். அதற்குப் பல நாள் முன்பிருந்தே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்திய நடைப்பயணிகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போய்க்கொண்டிருப்பார்கள். செப்டம்பர் 8 வரை அந்தச் சிற்றூர் பெருநகரமாகிவிடும். வந்தவர்கள் மாதாவைக் கும்பிடுவார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், மொட்டை போடுவார்கள், கடலில் கால் நனைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். வேண்டுதலுக்காக வரும் கூட்டம் இது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐந்நூறு ஆண்டுக் கத்தோலிக்க வரலாறு இந்த மண்ணில் சுண்ணாம்பும் செங்கலுமாக நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்று புறப்படுகிறவர்கள் மிகக் குறைவு. வேண்டுதலோடு வருகிறவருக்குக் கோயில் பழையதா புதியதா என்பது பொருட்டில்லை. பழமைக்காக யாரும் வருவதில்லை என்பதால் பழமையைக் காக்க வேண்டிய அவசியம் பங்குக்கும் தெரிவதில்லை. தமிழகத்தின் பழைய கோயில்கள் ஒவ்வொன்றாக உருமாறிக்கொண்டிருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

அப்படியானால் இந்தக் கோயில்களைப் பார்க்கப் போகிறவர் எங்கே போகலாம், எதைக் கவனிக்கலாம்?

சென்னையில் தொடங்கலாம். மயிலாப்பூர் லஸ் பகுதிக்கே பெயர் தந்த பிரகாச மாதா கோயிலில் உள்ள போர்த்துக்கீசியக் கல்வெட்டு 1516-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சென்னை என்ற நகரம் உருவாவதற்கு நூறாண்டுக்கும் மேல் முந்தைய ஆண்டு அது. கோயிலைச் சுற்றி இன்று பேருந்து இரைச்சலும் கடைத்தெருவும். உள்ளே நுழைந்து பீடத்தையும் கூரை வளைவையும் நிதானமாகப் பார்க்கிறவருக்கு வெளியே இருக்கும் நகரம் எவ்வளவு பிந்தையது என்பது புரியும்.

அதைவிட அதிக நேரம் கேட்பது பரங்கிமலை. மலை உச்சியில் உள்ள மாதா கோயில் போர்த்துக்கீசியர் கட்டியது. 1547-இல் அங்கே அடித்தளம் தோண்டியபோது கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அது இப்போது பீடத்துக்குப் பின்சுவரில் பதிந்திருக்கிறது. அருகில் போய்ப் பாருங்கள். சிலுவையின் நான்கு முனைகளும் மொட்டு விரிவதுபோல் முடிகின்றன. மேலே ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. இவற்றைச் சுற்றி வளைவாக ஒரு வரி எழுத்து ஓடுகிறது. அது தமிழுமில்லை, போர்த்துக்கீசுமில்லை. பாரசீகத்தின் பழைய பஹ்லவி. போர்த்துக்கீசியக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே பாரசீகத்தோடு தொடர்புடைய கிறித்தவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். ஐரோப்பியரோடுதான் கிறித்தவம் இங்கே வந்தது என்று நினைத்துக்கொண்டு மலை ஏறுகிறவர் அந்த எண்ணத்தோடு இறங்க மாட்டார். ஏறிவந்த படிக்கட்டுக்கும் ஒரு கதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் பெட்ரூஸ் உஸ்கான் அமைத்துத் தந்தது அது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதலில் பாலம் கட்டியவரும் அவரே. பாரசீகம், போர்த்துக்கல், ஆர்மீனியா மூன்றும் ஒரு சிறு குன்றின்மேல் கூடியிருக்கின்றன.

சாந்தோமுக்கு வருகிறவர்கள் அந்த வெள்ளைக் கோபுரத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். அது 1896-இல் முடிந்த கட்டடம். திருத்தூதர் தோமையாரின் கல்லறை என்று மரபு சொல்லும் இடத்தின்மேல் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலை இடித்துவிட்டு, கோதிக் பாணியில் இதைக் கட்டினார்கள். தோமையார் இங்கே வந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறித்தவர்களும் இசுலாமியரும் வந்து வணங்குவதாகவும், அங்கிருந்து மண் எடுத்துப்போய் நோயாளிகளுக்குக் கொடுப்பதாகவும் அவர் குறிப்பு சொல்கிறது. மக்கள் வந்து வணங்கிய இடம் என்பதற்கு எழுநூறு ஆண்டுச் சான்று இருக்கிறது. பயணிக்கு அது போதும். பழைய கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல என்பதையும் சாந்தோமே சொல்லிவிடுகிறது.

முத்துக்குளித்துறை தனி உலகம். 1530-களில் பரதவர்கள் ஊர் ஊராகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். மணப்பாட்டுக் குன்றின்மேல் கடலைப் பார்த்து நிற்கும் திருச்சிலுவைக் கோயில் 1581-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குன்றின் அடியில் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை இருக்கிறது. செப்டம்பரில் சிலுவைத் திருநாளுக்கு ஊரை விட்டுப்போன பிள்ளைகளெல்லாம் திரும்பி வருவார்கள். திருநாள் இல்லாத ஒரு நாளில் போனால் தெருக்களையும் பார்க்க முடியும். இலங்கை வணிகத்தில் சம்பாதித்தவர்கள் கட்டிய பெரிய வீடுகள் பல இன்னும் நிற்கின்றன. அவற்றையும் கோயிலையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் புரியும்.

தூத்துக்குடியின் பனிமய மாதா சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து வந்ததாக மரபு. இப்போதுள்ள கோயில் 1713-இல் கட்டப்பட்டது. அப்போது ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. கத்தோலிக்கத்தை விரும்பாத ஓர் அரசின் கீழ் பரதவர்கள் தங்கள் மாதாவை விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். 1806-இல் முதன்முதலாக ஓடிய தங்கத்தேரை அந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். சற்றுத் தெற்கே தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல். தமிழில் அச்சுக்கு வழிகாட்டிய அண்டிரிக் அடிகளார், அதாவது என்றிக்கே என்றீக்கசு, பல்லாண்டு வாழ்ந்த ஊர் அது. 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இந்திய மொழியொன்றில், அம்மொழியின் எழுத்திலேயே அச்சாகி இன்று கிடைக்கும் முதல் நூல் அது. தமிழ்ப் புத்தகத்தை நேசிக்கும் எவருக்கும், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், புன்னைக்காயல் ஒரு திருத்தலம்தான். அங்கே போகிறவர்கள் அரிது.

இதே கடலின் மறுகரையில் மன்னார். 1544-இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை அங்கே மதம் மாறியவர்களைக் கொன்றது. டச்சுக்காரர் காலத்தில் மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தை மக்கள் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்த இடமே மடு. 2008-இல் போர் நெருங்கியபோது அதே சுரூபத்தைக் குருக்கள் மீண்டும் எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போக நேர்ந்தது. மடுவுக்குப் போகிறவர்கள் அந்த இரண்டு இடப்பெயர்வுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வந்தால் கோயில்களின் முகமே மாறுகிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். அவருக்குப் பின் வந்த சேசு சபையினர் நாயக்கர்கள், சேதுபதிகள், பாளையக்காரர்களின் அனுமதியோடுதான் ஒவ்வொரு கோயிலையும் எழுப்ப வேண்டியிருந்தது. பீரங்கியும் கோட்டையும் இங்கே துணைக்கு இல்லை. அனுமதி மறுக்கப்பட்டால் உயிரும் போகலாம். 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது அப்படித்தான். அவர் லிஸ்பனில் பிறந்த ஜான் தே பிரிட்டோ. இரத்தம் சிந்திய இடம் என்று மக்கள் நம்பும் அங்கே மண் சிவந்து கிடக்கிறது. எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் அந்த மண்ணை எடுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்கள். மார்க்கோ போலோ மயிலாப்பூரில் கேள்விப்பட்டதை இராமநாதபுரச் சீமையில் இன்றும் நேரில் பார்க்கலாம்.

உள்நாட்டுக் கோயில்களில் நான் எல்லாரையும் போகச் சொல்வது ஏலாக்குறிச்சிக்கு. கொள்ளிடத்துக்கு வடக்கே, திருமானூரிலிருந்து சற்று உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஊர். வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டு அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டியது இங்கேதான். திருக்காவலூர்க் கலம்பகம் பிறந்ததும் இந்த மாதாவுக்காகவே. அரியலூர் மழவராயர் கோயிலுக்குக் கொடுத்த நிலக்கொடையைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. ஓர் இந்து பாளையக்காரர், இத்தாலியத் துறவி ஒருவர் கட்டிய மாதா கோயிலுக்கு நிலம் கொடுத்ததைத் தமிழ்க் கல்வெட்டு வழக்கப்படியே கல்லில் பொறித்திருக்கிறார்கள். விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பத்துக்குப் போனால் அதே முனிவர் நிறுவிய பெரியநாயகி மாதா. நம் ஊர்ப் பெண்ணைப்போல் சேலை உடுத்தி, குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கிறாள். அவருடைய தேம்பாவணியை ஏட்டில் மட்டும் படித்தவர்கள் ஒருமுறை இந்த மாதாவின் முன்னால் நின்றால், வளனாரையும் மரியாளையும் தமிழ்நாட்டு வயலுக்குள் அந்தக் காப்பியம் எப்படிக் கொண்டுவந்தது என்பது தெளிவாகும். 1711 வாக்கில் இந்த நாட்டுக்கு வந்த ஒருவர் 3,615 பாடல்களில் ஒரு காப்பியம் செய்யும் அளவுக்குத் தமிழில் ஊறியது பண்டிதர்களிடம் பாடம் கேட்டதால் மட்டும் நடந்திருக்காது. இந்த ஊர்களில் வாழ்ந்ததும் அதற்குக் காரணம்.

19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குருக்கள் வந்தபோது ஊசிக் கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிகளும் வந்தன. திருச்சி லூர்து அன்னை கோயிலும் புதுச்சேரி இருதய ஆண்டவர் கோயிலும் பலர் அறிந்தவை. அறியாதவர்களுக்காக ஒன்று: மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில், வைகைக் கரையோரம், இடைக்காட்டூர். பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மனத்தில் வைத்து 1894-இல் கட்டிய இருதய ஆண்டவர் கோயில் அங்கே இருக்கிறது. சுடுமண்ணை அச்சில் வார்த்துக் கல் வேலைப்பாட்டின் நுணுக்கத்தை எட்டியிருக்கிறார்கள். தூண்களை விரலால் தடவிப் பார்த்தால்தான் அது கல்லல்ல என்று தெரியும்.

அழகை மட்டும் பார்த்துத் திரும்புவது வரலாற்றுப் பயணம் ஆகாது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்பக் கோயிலின் தரைத்திட்டத்தைப் பாருங்கள். ஒரே பீடத்திலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள் கவட்டைபோல் விரிந்து போகின்றன. ஊரார் அதைக் காற்சட்டைக் கோயில் என்பார்கள். ஒரு கூடத்தில் வெள்ளாளர், மறு கூடத்தில் நாடார். பூசை வைக்கும் குருவை இரு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. சாதியை ஒழிக்க முடியாதபோது அதற்கு ஏற்றாற்போல் கோயிலையே கட்டிவிட்டார்கள். 1910-இல் தடுப்புச் சுவரை இடித்தார்கள். அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. புதுச்சேரி சம்பா கோயிலிலும் 1745-இல் இதுபோன்ற ஒரு சுவரைப் பற்றிய சண்டை நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயில் 1748-இல் இடிக்கப்பட்டதையும் அவரே எழுதியிருக்கிறார். கத்தோலிக்கர்கள் இதைக் கேட்டு மனம் நோகலாம். நோக வேண்டும். வழிகாட்டிப் பலகையில் கோபுரத்தின் உயரத்தை எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும். வடக்கன்குளத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1745-இல் நீலகண்டன் என்ற தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருடைய கல்லறை கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபின் கோட்டாற்றுக்கு வரும் கூட்டம் பெருகியிருக்கிறது. அவர்கள் வடக்கன்குளத்துக்கும் போனால், எல்லாரையும் சமமாகப் பார்த்த அந்த மனிதர் சேர்ந்த திருச்சபை எத்தகைய சாதிச் சுவர்களோடு போராட வேண்டியிருந்தது என்பதைச் சேர்த்துக் காணலாம்.

இனி, இவை எப்படி அழிகின்றன? புயலும் போரும் அழித்தவை கொஞ்சம்தான். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடிக் கோயிலின் பவளக்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. உண்மையில் அழிப்பது புதுப்பித்தல். பங்கில் பணம் சேரும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நன்கொடை அனுப்புவார்கள். வெள்ளி விழா, நூற்றாண்டு விழா வரும். உடனே தரைக்குக் கிரானைட், பீடத்துக்குச் சலவைக்கல், சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு, மரப்பீடத்துக்குத் தங்க எனாமல். அன்போடும் பக்தியோடும் செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாதாவுக்குப் புதுச்சேலை சாத்துவதுபோல்தான் நினைத்துச் செய்கிறார்கள். ஆனால் பழைய தரை வெறும் தரையல்ல. தமிழிலும் இலத்தீனிலும் போர்த்துக்கீசிலும் எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள் பல கோயில்களில் தரையாகப் பதிந்திருந்தன. அவற்றின்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டால் அந்த ஊரின் இருநூறு ஆண்டு வரலாறு பசைக்கு அடியில் போய்விடும்.

சிமெண்டுப் பூச்சு கட்டடத்துக்கே கேடு. பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும். கடற்கரை ஊர்களில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து, பூச்சுக்குப் பின்னால் படிகமாக இறுகிச் செங்கல்லைப் பொடியாக்கும். சில ஆண்டுகளில் சுவர் உப்பி உதிரும். 'பழைய கட்டடம், தாங்காது' என்று சொல்லி முழுதாக இடிப்பார்கள். பழுதை உண்டாக்கியது பழமை அல்ல, சிமெண்டு. பூச்சை முற்றிலும் உரித்துவிடுவதும் தவறு என்பதற்குக் கோவா சாட்சி. 1605-இல் முடிந்த போம் ஜேசு பேராலயத்தின் வெளிப்பூச்சை 1950-களில் உரித்தார்கள். செம்புரைக்கல் சுவர் பழமையாகத் தெரிகிறது என்று பயணிகள் இன்று அதைத்தான் ரசிக்கிறார்கள். அந்தக் கல்லோ மழையில் அரித்துக்கொண்டிருக்கிறது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடத்துக்கே இந்த நிலை. தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயில்களில் பெரும்பாலானவற்றுக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு எதுவும் கிடையாது. முடிவெடுப்பது பங்குத்தந்தையும் பங்குப்பேரவையும் ஆயரகமும்தான். பங்குத்தந்தையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்.

மாறாமல் இருப்பவர் உபதேசியார். பயணி தேடிப் போக வேண்டியது அவரைத்தான். எந்த ஆண்டு எந்தச் சுவரை இடித்தார்கள், பழைய சுரூபத்தை எந்த அறையில் வைத்திருக்கிறார்கள், பழைய மணி எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் இல்லாத ஊரில் கோயிலுக்கு எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். தென்மாவட்டங்களில் பல கோயில்களில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். பெண்கள் முக்காடு போடுவது வழக்கம். பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பூசை முடிந்து கூட்டம் கலைந்தபின் சாமியாரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், மறுப்பவர்கள் அரிது. சுரூபத்தைப் படம் எடுக்க எல்லாரும் இருக்கிறார்கள். நீங்கள் தரையில் உள்ள எழுத்தையும், மணியில் வார்த்திருக்கும் ஆண்டையும், தூணின் அடியையும், கூரை மரத்தையும் எடுங்கள். அடுத்த புதுப்பித்தலுக்குப்பின் அந்தப் படம் மட்டுமே மிஞ்சக்கூடும். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து ஒரு பழைய கல்லின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பதை ஊரார் பார்த்தால், அந்தக் கல்லுக்கு மதிப்பு வந்துவிடும். இதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். சட்டம் தராத காப்பை அந்த அரைமணி நேரம் தரும்.

பங்குப்பேரவைகளிடம் கேட்டுக்கொள்வது இரண்டுதான். தரையில் கை வைக்கும் முன்பு ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, எழுத்தைப் படி எடுத்து வையுங்கள். பெயர்க்கத்தான் வேண்டுமென்றால் கல்லை உடைக்காமல் கோயில் சுவரோரம் சாத்தி வையுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைச் செல்லரிக்கும் முன்பு ஒளிப்படமாக்குங்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன குடும்பங்களின் வேர் அதில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் பெரிய செலவில்லை, ஒரு கைப்பேசியே போதும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு வேளாங்கண்ணிக்குப் போனால் திரும்பும்போது ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் வந்து, திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி போய், மாதாவைக் கும்பிட்டுவிட்டு, மழவராயர் கல்வெட்டு எங்கே என்று கேளுங்கள்.